நாற்காலி பேசும்போது

அந்தப் பயிற்சிப் பள்ளியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து முதல்வர் வரைக்கும் அவள் 'எதுக்கு டீச்சர்'தான். காவலாளி அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். முதல்வர் படித்தவர், முதுகுக்குப் பின்னால் சொல்வார்.

பெயர் சும்மா வரவில்லை. சுகாதாரக் கல்வியாளர்களாகப் போகிறவர்களுக்குத் திட்டமிடல் பாடம் நடத்துவது டீச்சரின் வேலை. நோய் பற்றி மக்களிடம் போய்ப் பேசுவதற்கு முன்னால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்பதுதான் பாடம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 'ஒரு திட்டம் எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அத்தனை பேரும் பேனரில்தான் ஆரம்பிப்பார்கள். பேனர், ஊர்வலம், வரவேற்புரை, தலைமையுரை, நடுவில் எங்கோ ஒரு ஓரமாக நோய், பிறகு டீயும் பிஸ்கட்டும், கடைசியில் எல்லாரும் வரிசையாக நின்று ஒரு போட்டோ. நோயாளி யாரும் வராவிட்டாலும் இந்தத் திட்டம் வெற்றிகரமாக நடந்து முடிந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள வசதி.

"பேனர் எதுக்கு?" என்பாள் டீச்சர்.

"ஜனங்களுக்குத் தெரியணும்ல, டீச்சர்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா வருவாங்க."

"போன மாசம் பல்வலின்னு கன்னத்தைப் பிடிச்சுட்டே உட்கார்ந்திருந்தியே, பல் டாக்டர்கிட்ட போனியா?"

"இல்ல, டீச்சர்."

"ஏன், பல் டாக்டர்னு ஒருத்தர் இருக்கறது உனக்குத் தெரியாதா?"

வகுப்பு கொல்லென்று சிரிக்கும். டீச்சர் சிரிக்க மாட்டாள். கரும்பலகையின் வலது ஓரத்துக்குப் போய் ஒரு கட்டம் போடுவாள். எல்லாரும் இடமிருந்து வலமாகத் திட்டம் போட்டால் அவள் வலமிருந்து இடமாகப் போடுவாள். கடைசியில் யார், என்ன காரியத்தை, இப்போது செய்வது போல அல்லாமல் வேறு மாதிரி செய்யப் போகிறார்கள் என்பதை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். அது நடக்க அதற்கு முன்னால் என்ன நடக்க வேண்டும், அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கியே வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு 'எதுக்கு'. பதில் வராத கட்டத்தை அழித்துவிடுவாள். பேனர் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே போய்விடும். பிஸ்கட் சில வருஷம் தப்பித்திருக்கிறது.

பெண் பார்க்க வந்தவனிடமும் 'எதுக்கு?' என்று கேட்டிருப்பாள், அதனால்தான் டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அது டீச்சர் காதுக்கும் வந்திருக்கிறது. உண்மைக்கு ரொம்பத் தூரமில்லை என்பதால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

கட்டங்களைவிட அவள் பெரிதாக நினைத்தது ஒரு நாற்காலியை. சாமான் அறையிலிருந்து அவளே இழுத்துக்கொண்டு வந்த பழைய மர நாற்காலி, ஒரு கை ஆடும். பிள்ளைகள் வெளியே போய் மக்களிடம் பேசிவிட்டு வந்ததும் அறிக்கை வாசிக்கக் கூடாது. 'பெரும்பாலான பெண்கள் விழிப்புணர்வின்றி உள்ளனர்' என்று எவளாவது ஆரம்பித்தால் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். போனவள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். யாரிடம் பேசினாளோ அவராகவே ஆகி, 'நான்' என்று சொல்லி, அவர் பேசியபடியே பேச வேண்டும். பெயர் மட்டும் வரக் கூடாது. நாற்காலி பேசும்போது ஒருவரும் குறுக்கே பேசக் கூடாது, டீச்சரும்தான். அங்கே கேட்டது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. உங்கள் வார்த்தையை வகுப்பில் இப்படிச் சொல்லிக் காட்டுவோம், பெயர் வராது என்று மக்களிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும்.

வருஷா வருஷம் அந்த நாற்காலியின் பெருமையை அவள் வீட்டில் சொல்லாமல் இருந்ததில்லை. கேட்பதற்கு அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவளுடைய அக்கா.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலோரம் அக்காவின் தையல் மெஷின். அம்மா இறந்தபோது டீச்சர் சின்னப் பெண். அப்பா அதற்கு முன்பே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருந்தார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள், தங்கை படித்தாள். இன்றைக்கும் அக்கா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைக்கிறாள். அவளும் அங்கே பெயர் இழந்தவள்தான், 'காலரக்கா' என்றால்தான் தெரியும்.

அக்கா அதிகம் பேசாதவள். பேசும்போது மடியில் இல்லாத துணியை இரண்டு கையாலும் நீவி விட்டுக்கொள்வாள். மனசுக்குக் கஷ்டமான எதையாவது சொல்ல நேர்ந்தால், சொல்லி முடித்ததும் 'சரி, அது கிடக்கட்டும்' என்று மூடிவிடுவாள். வீட்டில் டீச்சர்தான் பேசுவாள். பேசுவதோடு நிற்காமல் எழுதியும் ஒட்டிவிடுவாள். தண்ணீர்க் குழாய்க்கு மேலே 'சோப்பு' என்று ஒரு சீட்டு. மெஷினில் 'நிமிர்ந்து உட்கார்' என்று ஒரு சீட்டு. உப்பு டப்பாவின் மேல் 'அளவோடு'. அக்கா எதையும் கிழித்ததில்லை. எதையும் காதில் போட்டுக்கொண்டதுமில்லை.

அந்த வருஷம் வகுப்புக்குக் கிடைத்த தலைப்பு, மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வேலைக்குப் போகும் பெண்களை வரவைப்பது. ஒரு குழு பெரிய ஆடைத் தொழிற்சாலைக்குப் போயிற்று. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பினால் டீச்சர் உயிரை வாங்கிவிடுவாளே என்று அந்தப் பிள்ளைகள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்னத் தையல் கூடங்களில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். இதெல்லாம் டீச்சருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவள் கொக்கு. நெடுநெடுவென்று வளர்ந்த பெண், உட்கார்ந்தால் முழங்கால் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். படிப்பில் சுமார். ஆனால் ஒருவரைப் பார்த்தால் அப்படியே உரித்து வைத்துவிடுவாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பிறகு மடியில் இல்லாத ஒரு துணியை இரண்டு கையாலும் நீவினாள்.

டீச்சருக்கு அப்போதே ஏதோ சுருக்கென்றது.

"நான் தைக்கிறவ" என்று ஆரம்பித்தாள் கொக்கு. "மார்ல ஒரு கட்டி இருக்கு. குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. வலியெல்லாம் இல்ல. கட்டி இருந்தா என்ன பண்ணணும்னு தெரியுமான்னு கேட்டுடாதீங்க. தெரியும். என் தங்கச்சியும் உங்கள மாதிரிதான், ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ. எங்க வீட்டு உப்பு டப்பா மேலகூட 'அளவோடு'ன்னு எழுதி ஒட்டியிருக்கா."

வகுப்பு சிரித்தது. டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவகிட்ட ஏன் சொல்லலன்னா, சொன்ன மறுநிமிஷம் நாலு கலர் பேனாவோட உட்கார்ந்துடுவா. யாரைப் பார்க்கணும், எப்ப போகணும், என்ன சாப்பிடணும், எல்லாம் கட்டம் கட்டமா எழுதிடுவா. நல்லதுக்குத்தான். ஆனா நான் அவளுக்கு ஒரு திட்டமா ஆயிடுவேன். அப்புறம் அக்கா இருக்க மாட்டா."

கொக்கு துணியை நீவினாள்.

"எங்கம்மாவுக்கும் இதேதான் வந்துச்சு. கட்டிலைச் சுத்தி நின்னு எல்லாரும் அம்மாவைப் பத்திப் பேசினாங்க. அம்மாகிட்ட ஒருத்தரும் பேசல. நான் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு இருந்தேன். தங்கச்சி சின்னப் பொண்ணு, அவளை வேற வீட்டுக்கு அனுப்பிட்டோம். காய்ச்சல்னு சொல்லி வெச்சோம். இன்னிக்கு வரைக்கும் காய்ச்சல்னுதான் நினைச்சிட்டிருக்கா. சரி, அது கிடக்கட்டும்."

எழுந்துகொண்டாள். அடுத்தவள் வந்து உட்கார்ந்து வேறு ஒரு பெண்ணாகிப் பேசினாள். அவள் என்ன பேசினாள் என்று டீச்சரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அம்மாவுக்குக் காய்ச்சல். இத்தனை வருஷமாக அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன காய்ச்சல், எத்தனை நாள், ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் எதுக்கு எதுக்கு என்று குடைந்தவளுக்கு, சொந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி வாயில் வரவே இல்லை. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அக்கா முன்னாலேயே வந்திருந்தாள். மெஷின் மூடியிருந்தது. மேஜையில் இரண்டு தம்ளர் டீ, ஒன்றின் மேல் தட்டு போட்டு மூடியிருந்தது. அக்கா டீ போட்டுவிட்டுக் காத்திருக்கிறவள் இல்லை. வேறு ஒரு நாளாக இருந்தால் டீச்சர் என்ன விசேஷம் என்று கேட்டிருப்பாள்.

"என்ன, இன்னிக்கு வகுப்பு எப்படிப் போச்சு?" என்றாள் அக்கா.

"ம்."

"நாற்காலி எல்லாம் போட்டீங்களா?"

"போட்டோம்" என்றாள் டீச்சர். நாற்காலியில் கேட்டதை வெளியே கொண்டு போகக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். இப்போது அக்காவிடம் வாயைத் திறந்தால், பெயர் வராது என்று அந்தக் கூடத்துப் பெண்களுக்குக் கொக்கு கொடுத்த வாக்கு என்ன ஆவது? அக்கா இனி யாரிடமாவது வாய் திறப்பாளா? சொல்லாமலிருந்தால் கட்டி சும்மா இருக்குமா? இரண்டு பக்கமும் இடித்தது. டீயைக் குடித்தாள், அது என்ன சூட்டில் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் மெஷினைத் திறந்தாள்.

மறுநாளிலிருந்து டீச்சர், எந்தக் காரியத்தையெல்லாம் செய்யாதே என்று பிள்ளைகளின் தலையில் குட்டுவாளோ, அதையெல்லாம் வரிசையாகச் செய்தாள். பரிசோதனை பற்றிய வண்ணத் துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து வந்து அக்காவின் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தாள். "சும்மா பாரேன், அச்சு நல்லா வந்திருக்கு" என்றாள். கூட வேலை பார்க்கிற ஒருத்திக்குக் கட்டி வந்து, சீக்கிரமே காட்டி, சுத்தமாகக் குணமாகிவிட்டது என்று இல்லாத ஒருத்தியைப் பற்றி ஒரு கதை விட்டாள். பேச்சு வாக்கில் புள்ளிவிவரம் சொன்னாள். எதிர்வீட்டு அம்மாள் எதற்கோ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததை ஆகா ஓகோ என்று புகழ்ந்தாள். அந்த அம்மாள் போனது கண்ணாடி மாற்ற.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் துண்டுப் பிரசுரம் காலர் வடிவத்தில் வெட்டப்பட்டு மெஷின் மேல் கிடந்தது.

"காகிதம் நல்லா விறைப்பா இருக்கு. அளவு வெட்ட வசதி" என்றாள் அக்கா. "இன்னும் ரெண்டு இருந்தா கொண்டு வா."

டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். 'சோப்பு' என்ற சீட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கா குனிந்து எதையாவது எடுத்தால் டீச்சரின் கண் அவள் மார்புக்குப் போகும், உடனே திருப்பிக்கொள்வாள். அக்கா வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிடுவது போலவும், இளைத்திருப்பது போலவும், இல்லை, அப்படியேதான் இருக்கிறாள் போலவும் தெரிந்தது. தூக்கத்தில் அக்கா திரும்பிப் படுத்தால் இவள் விழித்துக்கொள்வாள். இனியும் தாங்காது என்றானபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை கெட்டது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் செய்தாள்.

வகுப்பில் கரும்பலகையின் வலது ஓரத்தில் கட்டம் போட்டு, 'அந்தத் தையல்காரப் பெண் பரிசோதனைக்குப் போகிறார்' என்று எழுதினாள்.

"நாற்காலியில ஒரு அம்மா பேசினாங்களே, ஞாபகம் இருக்கா? அவங்க போகணும்னா அதுக்கு முன்னாடி என்ன நடக்கணும்? சொல்லுங்க."

பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அவங்களுக்கு விஷயம் தெரியும், டீச்சர். அதனால பேனர் வேண்டாம்" என்றது முதல் வரிசை. இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது வீண் போகவில்லை என்று வேறு சமயமாக இருந்தால் டீச்சர் குளிர்ந்து போயிருப்பாள்.

"தடை அந்த அம்மா இல்ல, டீச்சர். அந்தத் தங்கச்சிதான்."

"ஆமா, டீச்சர். முதல்ல அந்தத் தங்கச்சியைப் பிடிக்கணும்."

"பிடிச்சு?" என்றாள் டீச்சர்.

"கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இருங்கன்னு சொல்லணும்" என்றது கடைசி வரிசையில் எப்போதும் தூங்குகிற ஒரு ஜீவன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

டீச்சர் அதையும் ஒரு கட்டமாகப் போட்டாள். கோடு கோணியது.

"இன்னொண்ணு கேட்கலாம், டீச்சர்" என்றாள் முதல் வரிசையில் ஒருத்தி, வெகு சாதாரணமாக. "ஊருக்கெல்லாம் சொல்றாங்களே, அந்தத் தங்கச்சி ஒரு தடவையாவது தானே போய் டெஸ்ட் எடுத்திருக்காங்களா? அவங்கம்மாவுக்கே வந்திருக்குன்னா அவங்களும் எடுக்கணும்ல?"

சுண்ணக்கட்டி பலகையிலேயே நின்றுவிட்டது.

எடுத்ததில்லை. எத்தனையோ முகாம்கள், எத்தனையோ வகுப்புகள். யாருக்காக இந்தத் திட்டம் என்ற கட்டத்தில் 'நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள்' என்று அவள் கையாலேயே எத்தனை தடவை எழுதியிருப்பாள். நாற்பதைத் தாண்டி வருஷங்கள் ஆகியும் அந்தக் கட்டத்துக்குள் தானும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வருகிற வியாதி அது. கட்டத்தைப் போடுகிறவர்கள் வெளியே நின்றுகொண்டேதான் போடுவார்கள்.

டஸ்டரை எடுத்தாள். கடைசிக் கட்டத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் அழித்தாள்.

"ஏன் அழிச்சுட்டீங்க, டீச்சர்?" என்றாள் கொக்கு.

"இந்தத் திட்டத்தை அந்த அம்மா கேட்கலையே" என்றாள் டீச்சர். வகுப்பை முன்னாலேயே முடித்துவிட்டாள். அப்படி அவள் முடித்தது அதுவே முதல் தடவை என்று பிள்ளைகள் வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள்.

அன்று அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அக்கா, நான் அந்த மார்புப் பரிசோதனைக்குப் போகணும். இதுவரைக்கும் போனதே இல்ல."

அக்காவின் கை நின்றது.

"பயமா இருக்கு. கூட வரியா?"

"எதுக்கு?" என்றாள் அக்கா. அந்த வார்த்தையை அக்கா வாயிலிருந்து டீச்சர் கேட்டதே இல்லை. அது எவ்வளவு கூரான வார்த்தை என்று இப்போதுதான் குத்திப் புரிந்தது.

"தனியா போக முடியலக்கா."

"உன் பிள்ளைங்கதான் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காங்களே."

"அவங்க யாரும் இல்லாத இடத்துக்குப் போகணும்."

இதில் எவ்வளவு திட்டம், எவ்வளவு பயம் என்று டீச்சருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அக்காவை அழைத்துப் போக ஒரு சாக்கு என்றுதான் வாயைத் திறந்தாள். திறந்த பிறகு பார்த்தால், சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்தது. கை சில்லிட்டிருந்தது.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். துண்டை வாங்கி ஒழுங்காக மடித்து வைத்தாள்.

"சரி, வரேன்."

பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரி. டீச்சரை அங்கே யாருக்கும் தெரியாது. நீளமான தாழ்வாரத்தில் இரும்பு நாற்காலிகள், சுவரில் அவளே குறை சொல்லக்கூடிய சுவரொட்டிகள். ஒன்றையும் அவள் வாசிக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து, திரும்பி அக்காவைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அப்படித்தான் பார்ப்பாள்.

உள்ளே, கழற்றிப் போட்ட சட்டையை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. எக்ஸ்ரே மெஷினின் தட்டு சில்லென்று இருந்தது. "இன்னும் கிட்ட வாங்க. தோளைத் தளர்த்துங்க. மூச்சை நிறுத்துங்க" என்று ஒரு குரல். அழுத்தியபோது கண்ணில் நீர் வந்தது. வலி கொஞ்சம்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் தான் யார், என்ன படித்தவள் என்பதெல்லாம் சட்டையோடு சேர்ந்து எங்கோ கிடந்தது. இதைப் பற்றி ஒரு வார்த்தையும் அவள் பாடத்தில் இருந்ததில்லை.

பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

டீச்சர் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். போய்விட்டாள். சாக்கைக் கண்டுபிடித்து, கோபித்துக்கொண்டு, பேருந்து ஏறிவிட்டாள். வாசலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். பதிவு ஜன்னல் முன்னால் நின்ற வரிசையிலிருந்து அக்கா கையில் ஒரு சீட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"என் பேரையும் கொடுத்துட்டேன். உட்காரு, எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?" என்றாள்.

உட்கார்ந்தார்கள். அக்கா மடியில் இல்லாத துணியை நீவினாள்.

"அந்த நெட்டைப் பொண்ணு நல்லா சொன்னாளா?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உப்பு டப்பாவைச் சொன்னாளா?"

"சொன்னா."

"பிள்ளைங்க சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

அக்கா லேசாகச் சிரித்தாள். "வருஷா வருஷம் அந்த நாற்காலிக் கதையைச் சொல்லுவியே. அதுல உட்கார்ந்தவங்க பேசினா நீ வாயே திறக்க மாட்டேன்னு. எனக்கு ஆசையா இருக்கும். என் தங்கச்சி வாயே திறக்காம ஒருத்தர் பேசுறதைக் கேட்கிறாளா! நான் எப்ப அதுல உட்கார்றது? அந்தப் பொண்ணு தையல் கூடத்துக்கு வந்து, நீங்க சொல்றதை வகுப்புல நாற்காலியில உட்கார்ந்து சொல்லிக் காட்டுவோம், சம்மதமான்னு கேட்டா. உன் பிள்ளைன்னு புரிஞ்சு போச்சு. சரி, எனக்குப் பதிலா இவளை அனுப்பிடலாம்னு எல்லாத்தையும் சொன்னேன். நான் நேர்ல சொன்னா நீ டீச்சராயிடுவ. அவ சொன்னா நீ கேட்டுத்தானே ஆகணும்?"

"அக்கா..."

"அன்னிக்கு சாயங்காலம் நீ வந்து கேட்பேன்னு டீ போட்டு வெச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ கேட்கல. மறுநாள் கத்தரிக்கோலுக்குக் கீழே ஒரு காகிதத்தை வெச்ச."

"நாற்காலியில கேட்டதை வெளியில சொல்லக் கூடாதுக்கா. அது நான் போட்ட சட்டம்."

"தெரியும். நல்ல சட்டம்தான்" என்றாள் அக்கா. "ஊருக்கு."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாளும் அக்கா மறைக்கிறாள் என்று நினைத்து இவள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். அக்கா சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே மேஜையில்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். மெஷினுக்குப் பிறகு இன்னொரு அறை, அங்கே ஒரு டாக்டர். டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு, பேசத் தகுந்த ஆள் என்று தோன்றியதோ என்னவோ, டீச்சர் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு ஊசி மூலமா கொஞ்சம் சதையை எடுத்துப் பார்க்கணும். கட்டி அவ்வளவு சின்னதா இல்ல. இவங்களைக் கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம். கட்டி இருக்குன்னு இவங்க உங்ககிட்ட எப்ப..."

டீச்சருக்கு நாக்கு நுனியில் ஆயிரம் கேள்வி. எந்த ஊசி, எந்த ஆய்வுக்கூடம், முடிவு எப்போது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா. எல்லாம் அவளுக்குத் தெரிந்த பாஷை. வாயைத் திறந்தாள். டாக்டருக்கும் தனக்கும் நடுவில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இல்லாத துணியை நீவிக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பார்த்தாள்.

"டாக்டர், அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி அக்காவுக்கு நேரே உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னார். அக்கா கேட்டாள். நடுவில் ஒரு சந்தேகம் கேட்டாள், பதில் வந்தது. டீச்சர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமலிருப்பது இவ்வளவு வேலை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

டீச்சரின் படத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை, எதையோ திருடியது போல இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் சிமெண்டு பெஞ்சு. வெயிலில் கண் கூசியது. ஒரு பேருந்து வந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை, அது போயிற்று.

"நீ சொல்லு" என்றாள் அக்கா. "அடுத்து என்ன பண்ணலாம்? கட்டம் போடுவியே, போடு. இப்ப பரவாயில்ல."

டீச்சரின் பையில் நாலு கலர் பேனாவும் இருந்தன. பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியலக்கா. உனக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?"

அக்கா சாலையைப் பார்த்தாள். டீச்சர் குறுக்கே பேசவில்லை, காத்திருந்தாள்.

"அம்மா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு ஜன்னல் இருந்துச்சு" என்று அக்கா ஆரம்பித்தாள். "அதைச் சாத்துன்னு அம்மா சொல்லிட்டே இருந்தா. கட்டிலைச் சுத்தி நின்னவங்க யாரும் காதுல வாங்கல. அவங்களைத் தாண்டி எனக்கு எட்டல. அவ்வளவுதான்டி. நான் குளிருதுன்னு சொல்லி, அது யாருக்கும் கேட்காமப் போயிடுமோன்னு..."

அடுத்த பேருந்தும் வந்து போயிற்று. அக்கா பேசிக்கொண்டே இருந்தாள், கை மடியில் அசையாமல் கிடந்தது. ஒரு இடத்திலும் 'அது கிடக்கட்டும்' என்று அவள் சொல்லவில்லை.